மூன்று முகத்துக்கும் பொட்டு

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பால் பிறந்தது. அதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி வழியில் உங்களுக்குத் தெரியவந்து, ‘அட, எல்லாம் இவன் செய்த வேலையா’ என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பதைவிட இது நல்லது.

பலேர்மோவில், கபோ சந்தைத் தெருவில், ஒரு மீன்கடைக்கு மேலே நானும் என் மனைவி றோசமலரும் இருக்கிறோம். நான் ஒரு ஹோட்டல் சமையலறையில் சட்டி கழுவுகிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குகனேஸ்வரி அக்கா இருக்கிறார். அவர் சைவம், நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர். கார்த்திகை விளக்கீட்டுக்கு அவர் எங்களைக் கூப்பிடுவார், நத்தாருக்கு நாங்கள் அவரைக் கூப்பிடுவோம்.

போன விளக்கீட்டன்று கொழுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் அடித்திருந்த அவருடைய சாமித்தட்டைப் பார்த்தேன். பிள்ளையார், நல்லூர் முருகன், இந்த ஊர்க் காவல் புனிதையான றோசலியா அம்மாள். எல்லாருக்கும் நடுவில் புதிதாக ஒரு பெரிய படம், தடித்த மரச்சட்டம், கண்ணாடி. படத்தில் மேகம். மேகத்துக்கு முன்னால் ஒரு மனிதனுக்கு மூன்று முகம்: ஒன்று பக்கவாட்டில், ஒன்று நேராக, ஒன்று சற்றே திரும்பி. கூர்த்தாடி, தோள்வரை தலைமயிர், வெள்ளைப் பின்னல் கழுத்துப்பட்டி. மூன்று நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“ஆரக்கா இது?”

“தெரியாதே தம்பி? மும்மூர்த்தி. இஞ்சத்தைய ஆக்கள் இப்பிடித்தான் கீறுவினம் போல.”

கொழுக்கட்டையை வாயில் போட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. நான் போடவில்லை. உயர்தர வகுப்பில் சரித்திரம் படித்தவன். முப்பது வருசமாக அந்தப் படிப்பு ஒரு சதத்துக்கும் பயன்பட்டதில்லை. ஒரு சந்தர்ப்பம் வந்ததும் பாய்ந்துவிட்டேன்.

“அக்கா, இது சாமியில்லை. இங்கிலாந்து ராசா. முதலாம் சார்ள்ஸ். மூண்டு பேரும் ஒராள்தான். நானூறு வருசத்துக்கு முந்தி இருந்தவர். சொந்தச் சனமே அவரின்ரை தலையை வெட்டினது.”

றோசமலர் என் காலை மிதித்தாள். அக்கா கையிலிருந்த கொழுக்கட்டைத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அரசனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தான் நாலு வருசம் பராமரித்த இத்தாலியக் கிழவியைப் பற்றி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“சிஞ்ஞோராவுக்கு இது தெரிஞ்சிருக்குமோ?”

2

இதை எழுதத் தொடங்கி மூன்று தொடக்கங்களைக் குப்பையில் போட்டேன். எதையும் மறைக்கப் போவதில்லை, பாருங்கள்.

முதல் தொடக்கம்: ‘1649ஆம் ஆண்டு சனவரி முப்பதாம் தேதி. லண்டனில் கடுங்குளிர். குளிரில் தன் உடல் நடுங்கினால் சனம் அதைப் பயம் என்று நினைத்துவிடும் என்று அரசன் அன்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டான். அந்த இரண்டாவது சட்டை…’

இதில் எனக்குப் பெருமையாக இருந்தது. றோசமலர் வாசித்துவிட்டு, “இஞ்சாருங்கோ, ஆர் இந்த வெள்ளைக்காரன்? குகனேஸ்வரி அக்கா எங்கை?” என்றாள். எட்டாம் பக்கத்தில் வருவார் என்றேன். “எட்டுப் பக்கம் அவ வாசலிலையே நிக்கிறது?” என்றாள்.

இரண்டாவது தொடக்கம்: ‘பலேர்மோவின் சீசாப் பகுதியில், பஸ் திரும்பும் முனையில், நான்காம் மாடியில், இறந்துபோன ஒரு சிஞ்ஞோராவின் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் இருந்தது. அந்தச் சதுரம்’

சதுரம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. சதுரங்கள் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது தொடக்கத்தில் நானே வரவில்லை. அக்காவுக்கு உண்மையைச் சொன்னது ‘பக்கத்து வீட்டில் இருந்த ஒரு படித்த மனிதர்’. அதை எழுதியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே நான்காவது தொடக்கம்தான் நீங்கள் வாசித்தது.

3

இனிக் கொஞ்சம் ஒழுங்காகக் கதை சொல்கிறேன்.

குகனேஸ்வரி அக்காவுக்கு ஐம்பத்துநான்கு வயது. சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில். நாலு வருசம் சீசாவில் ஒரு சிஞ்ஞோராவைப் பராமரித்தார். சிஞ்ஞோரா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டாதவர். இடுப்பு எலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தபோது வயது எண்பத்துமூன்று. அக்கா காலையில் போய் இரவுச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு வருவார்.

அந்தப் படம் அந்த வீட்டு நடையில் தொங்கியது. சிஞ்ஞோராவின் தகப்பன் லண்டனில் வாங்கிவந்த அச்சுப்படம். சந்தை விலைக்குப் பார்த்தால் சட்டத்துக்குத்தான் ஏதோ தருவார்கள். வேலைக்குப் போன முதல் கிழமையே அக்கா அதைக் கவனித்தார். மூன்று தலை, பின்னால் மேகம், படத்துக்குக் கீழே சுவரோரம் ஒரு சின்ன மேசை. பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. மேசையில் பூ இல்லாததுதான் விளங்கவில்லை.

(நீங்கள் சிரிக்கக் கூடாது. விளக்கீட்டன்று இதே படத்தை எனக்கு முன்பே கண்ட றோசமலர் என் காதுக்குள், “மூவிராசாக்கள். குழந்தை இயேசுவைப் பாக்க வந்தவை” என்றாள். ஆளாளுக்கு ஒரு மூன்று இருக்கிறது. ‘ஒரே ஆள், மூன்று பக்கம்’ என்பது எங்களில் ஒருவருக்கும் தானாகத் தோன்றாது. எனக்கும் புத்தகம் சொல்லித்தான் தெரியும்.)

இரண்டாம் கிழமை அக்கா சந்தையில் செவ்வந்தி வாங்கி ஒரு கிண்ணத்தில் வைத்தார். மூன்றாம் கிழமை கண்ணாடியைத் துடைத்து மூன்று நெற்றிக்கும் பொட்டு வைத்தார். பக்கவாட்டு முகத்துக்கு நெற்றி பாதிதான் தெரியும். புருவத்துக்கு மேலே ஒரு சின்னப் புள்ளியாக வைத்துச் சமாளித்தார்.

அன்று சிஞ்ஞோரா கண்டுவிட்டார். நாற்காலியை நிறுத்தச் சொல்லி அண்ணாந்து பார்த்தார்.

“குகா, இது யார் என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியும் சிஞ்ஞோரா. கடவுள்.”

சிஞ்ஞோரா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, அக்கா தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. மூச்சு வந்த பிறகு, “சீ, சீ. கடவுள்தான்” என்றார். இத்தாலிய மொழியில் ‘சீ’ என்றால் ‘ஓம்’.

படத்தை நாங்கள் கண்டிராத காலத்திலேயே அக்கா இந்தச் சிரிப்பைப் பற்றி எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரச் சிஞ்ஞோரா ஒருத்தி தன் சாமியை ஏற்றுக்கொண்ட சந்தோசச் சிரிப்பு அது என்றுதான் சொல்வார். விளக்கீட்டுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவர் வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கினார். அதற்குக் காரணம் நான்.

4

கட்டுரை பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் ஆறாம் பகுதியில் ஒரு குழாய்க்காரர் வரும்போது முழிப்பீர்கள்.

முதலாம் சார்ள்ஸ் ஆள்வதில் கெட்டிக்காரன் இல்லை. பதினொரு வருசம் பாராளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. கூட்டியபோது சண்டை வந்தது. சண்டை போராகி, போரில் தோற்று, தலையும் போனது. ஆள் கட்டை. பேச்சில் திக்கு. ஆனால் படம் என்றால் உயிர். நல்ல படம் எது என்று பார்த்த உடனே சொல்லக்கூடிய கண் இருந்தது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் வாங்கிச் சேர்த்தான். வான் டைக் என்ற ஓவியரைத் தன் அரண்மனையில் வைத்திருந்தான். இன்றைக்கு அந்த அரசன் என்றதும் மனத்தில் வரும் மெலிந்த, சோகமான, கௌரவமான முகம் அந்த ஓவியர் கொடுத்த முகம். ஆட்சி போய்விட்டது, முகம் நிற்கிறது.

அந்த ஓவியர் அதற்கு முதல் எங்கே இருந்தார் தெரியுமா? இங்கே. பலேர்மோவில். 1624இல் வந்தார். வந்த இடத்தில் கொள்ளைநோய் பரவியது. அதே வருசம் மலையில் றோசலியா அம்மாளின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். நோய் பிடித்த ஊரில் இருந்துகொண்டு அவர் அம்மாளைத் திரும்பத் திரும்பக் கீறினார். எங்கள் சனம், சைவமும் வேதமும், செருப்பில்லாமல் ஏறிப்போய்க் கும்பிடுகிற அதே அம்மாள்.

மூன்று முகத்தின் கதை இது. அரசனுக்கு இத்தாலியில் இருந்த ஒரு பெரிய சிற்பியிடம் தன் மார்பளவுச் சிலை ஒன்று செய்விக்க ஆசை. அரசன் றோமாபுரிக்கு வர முடியாது. ஆகவே வான் டைக் அவனை மூன்று பக்கத்தாலும் கீறி அனுப்பினார். ஊரில் தையற்காரரிடம் அளவுச்சட்டை கொடுத்துவிடுவோமே, அதுபோல. படம் என்று நாங்கள் அண்ணாந்து பார்ப்பது உண்மையில் இன்னொருவர் செய்யவேண்டிய வேலைக்கான அளவு.*

அரசனின் தலை போனபின் புதிய ஆட்சி அவன் படங்களை எல்லாம் விற்றது. காசு தட்டுப்பாடு. அரண்மனைக்கு வேலைசெய்து கூலி கிடைக்காதவர்களுக்குக் காசுக்குப் பதில் படத்தைக் கொடுத்தார்கள். அப்படி அரண்மனைக் குழாய்வேலைக்காரர் ஒருவருக்கு வெனிசின் மிகப்பெரிய ஓவியர் ஒருவர் தீட்டிய படம் கிடைத்தது. 1660இல் அரசனின் மகன் திரும்பிவந்து அரியணை ஏறினான். ஏறியதும் தகப்பனின் படங்களைத் திருப்பிக் கேட்டான்.

* சிலை செய்யப்பட்டு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் மெச்சினார்கள். 1698இல் அரண்மனைத் தீயில் அழிந்தது. அளவுப்படம் றோமாபுரியில் சிற்பியின் குடும்பத்தோடு நூற்றைம்பது வருசத்துக்கு மேல் கிடந்ததால், ஏலத்துக்கும் தப்பியது, தீக்கும் தப்பியது. முடித்த வேலை சாம்பல், முடிக்காதது மிச்சம். இதைக் கதை முடிக்க வராதவன் சொல்கிறான் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

5

சிஞ்ஞோரா நவம்பர் தொடக்கத்தில் இறந்தார். (சனவரி முப்பது என்று எழுதக் கை துறுதுறுத்தது. அரசன் செத்த நாளிலேயே சிஞ்ஞோராவும் செத்தால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் நவம்பர்.)

இறப்பதற்கு ஒரு கிழமை முன், காலையில் நடையில் நாற்காலியை நிறுத்தி அக்கா பூ மாற்றியபோது சிஞ்ஞோரா சொன்னார்: “இதை நீ எடுத்துக்கொண்டு போ, குகா. இது என்னைவிட உனக்குத்தான் சொந்தம்.” அப்போது வேறு ஒருவரும் பக்கத்தில் இல்லை. செத்தவீடு முடிந்த மறுநாள் அக்கா தன் சாமான்களோடு படத்தையும் படுக்கை விரிப்பில் சுற்றி பஸ்ஸில் கபோவுக்குக் கொண்டுவந்தார். கதவைப் பூட்டித் திறப்பைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். ஒளிக்கவில்லை. ஆனால் ஒருவரிடமும் சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில் ஸ்ரெல்லா வரவேண்டும். ஸ்ரெல்லா சிஞ்ஞோராவின் தம்பி மகள், மிலானோவில் இருக்கிறார். என் முதல் பிரதியில் அவருக்கு நான் உயரக் குதிகால் சப்பாத்தும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டி, படியேறி வரும்போதே வீட்டை விலைபேச வைத்திருந்தேன். குகனேஸ்வரி அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“தம்பி, அந்தப் பிள்ளையைப் பற்றி இப்பிடி எழுதாதேங்கோ. செத்தவீட்டிலை என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதது அவ ஒராள்தான். எனக்கு அடுத்த வேலை தேடித் தாறதும் அவதான்.”

அது உண்மை. அக்காவின் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி அட்டை, சித்திரையில் முடிகிறது. புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். சிஞ்ஞோராவோடு அந்த ஒப்பந்தமும் போய்விட்டது. ஸ்ரெல்லாதான் பக்கத்து ஊரான பகேரியாவில் தன் சிநேகிதியின் தாயைப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, “என் அத்தையை நாலு வருசம் பார்த்தவ, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்” என்று சொல்லிவைத்தார். சனவரி பதினேழு, சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பகேரியாவில் அந்த வீட்டில் அக்கா போய் நிற்கவேண்டும். ஸ்ரெல்லாவும் அங்கே வருவார்.

அதற்கு மூன்று நாள் முன், புதன்கிழமை, ஸ்ரெல்லா தொலைபேசியில் கேட்டார். வீட்டை ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன், நடையில் இருந்த மூன்று தலைப் படத்தைக் காணவில்லை, நீ கண்டாயா? அது என் தாத்தா கொண்டுவந்தது. சின்ன வயதில் லீவுக்கு வரும்போது அத்தை என்னை அதற்கு முன்னால் நிறுத்தி, இன்றைக்கு எந்த முகம் கோபம், எந்த முகம் பொய் சொல்கிறது என்று கேட்பா. அந்த வீட்டில் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அது ஒன்றுதான்.

அக்கா, “பாத்துச் சொல்லுறன்” என்று வைத்துவிட்டார்.

குற்றம் சாட்டும் குரல் இல்லை. படத்தையும் பகேரியா வேலையையும் ஸ்ரெல்லா ஒரு வார்த்தையாலும் முடிச்சுப் போடவில்லை. அந்த முடிச்சை நாங்கள் கபோவில் இருந்துகொண்டு நாங்களே போட்டோம்.

6

வியாழன் பின்னேரம் வேலை முடிந்து நேரே அக்காவிடம் போனேன். என் வாயால் உடைத்ததை என் வாயாலேயே ஒட்டலாம் என்று எண்ணம். கையில் ஒரு பெட்டி இனிப்பும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் றோசமலர் திருத்துவாள், அவள்தான் தந்துவிட்டாள்.

படம் இன்னும் தட்டில்தான் இருந்தது. ஆனால் பூ இல்லை. விளக்கு மற்றச் சாமிகளின் பக்கமாக நகர்ந்திருந்தது.

“அக்கா, ஒரு விசயம் சொல்ல மறந்துபோனன். தலை வெட்டினாப் பிறகு அந்த ராசாவை இங்கிலாந்துச் சபை புனிதராக்கினது. வேதசாட்சி எண்டு. வெட்டின அண்டைக்குச் சனம் கைலேஞ்சித் துணியை ரத்தத்திலை தோய்ச்சுக் கொண்டுபோய்க் கும்பிட்டதாம். அப்ப நீங்கள் கும்பிட்டதும் பெரிய பிழையில்லை.”

“ஓகோ.”

“றோசலியா அம்மாளைக் கீறினவர்தான் இதையும் கீறினவர்.”

அதற்கு அவர் நிமிர்ந்தார். “உண்மையோ?”

“சத்தியமா.”

“அப்ப கை நல்ல கைதான்” என்றார். கொஞ்சம் முகம் தெளிந்தது போலிருந்தது. நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நிறுத்த வராது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அரசனின் இரண்டு சட்டையைப் பற்றிச் சொன்னேன், பிறகு குழாய்க்காரரின் கதையையும் சொன்னேன். வேலைசெய்தவனுக்கு அரசனின் படம் சொந்தமான கதை. அது அவருக்குத் தைரியம் கொடுக்கும் என்று நினைத்தேன்.

அக்கா கவனமாகக் கேட்டார். மகன் திரும்பிவந்து படங்களைக் கேட்டதையும் கேட்டார்.

“அந்தக் குழாய்க்காரன் குடுத்தவனோ?”

“பலபேர் திருப்பிக் குடுக்கவேண்டி வந்ததாம்.”

“பலபேரை விடுங்கோ. அந்த மனிசன் குடுத்தவனோ, இல்லையோ?”

“சரியாத் தெரியேல்லை அக்கா.”

“அதைத்தானே தம்பி நீங்கள் பாத்திருக்க வேணும்” என்றார். “ராசா எத்தினை சட்டை போட்டவர் எண்டதெல்லாம் பாத்து வைச்சிருக்கிறியள்.”

எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவு கைபேசியில் தேடினேன். அந்த மனிதரின் பெயர் கிடைத்தது, கிடைத்த படம் எது என்று கிடைத்தது, அதன் மதிப்பு கிடைத்தது. அதை அவர் எந்தச் சுவரில் மாட்டினார், யாராவது வந்து கதவைத் தட்டினார்களா, தட்டியபோது பெண்சாதியிடம் என்ன சொன்னார் என்று எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் நான் விடைபெற எழும்பியபோது அக்கா வாசலில் வைத்து இன்னொன்றும் சொன்னார். அதுதான் அவருடைய உண்மையான வலி. நான் அதைக் கதைக்கு நடுவில் புதைக்காமல் தனியாகச் சொல்கிறேன்.

“ராசாவைக் கும்பிட்டதுக்கு எனக்குக் கவலையில்லை. கும்பிட்ட மனம் என்ரைதானே. ஆனா அவ படிச்ச மனிசி. முதல் நாளே தெரியும் அவவுக்கு. நாலு வருசமா நான் ஒவ்வொரு நாளும் கும்பிடேக்கை அவ பின்னாலை இருந்து பாத்துச் சிரிச்சிருக்கிறாவோ? சிரிச்சுப்போட்டு, கடைசியிலை ‘எடுத்துக்கொண்டு போ’ எண்டதும் பகிடியோ?”

 

“கடைசி மாசங்களிலை நான் பூ வைக்க மறந்தால் அவதான் ஞாபகப்படுத்துவா” என்றார் அக்கா, தனக்குத்தானே சொல்வதுபோல. “கையைக் கூப்பிக்கொண்டு இருப்பா. அது கும்பிட்டதோ, என்னைப்போலச் செய்து காட்டினதோ, ஆருக்குத் தெரியும்.”

7

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

(அ) அக்கா சட்டத்தைத் திருப்புகிறார். பின்பக்கத்தில், நடுங்கும் கையெழுத்தில், ‘குகாவுக்கு’ என்று சிஞ்ஞோரா எழுதியிருக்கிறார்.

இதை ஆசை ஆசையாக எழுதினேன். எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை போய் உண்மையாகவே திருப்பிப் பார்த்தேன். ஒரு லண்டன் கடையின் மஞ்சள் ஒட்டுத்தாளும் ஒட்டடையும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

(ஆ) பகேரியாவில் ஸ்ரெல்லா படத்தைப் பார்த்து, மூன்று பொட்டையும் பார்த்து, கண்கலங்கி, “நீயே வைத்துக்கொள்” என்கிறார். இருவரும்

இருவரும் ஒன்றும் செய்யவில்லை. இந்த வரியை இங்கேயே விடுகிறேன். ஸ்ரெல்லாவை அழவைத்து அக்காவின் பாரத்தை இறக்குவது எனக்கு மலிவாகப் பட்டது. அவருக்கும் அந்தப் படத்தில் ஒரு சின்ன வயது இருக்கிறது. அவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

(இ) றோசமலர் சொன்ன முடிவு. “கலர் பிரிண்ட் ஒண்டு எடுத்துச் சட்டம் போட்டால் பத்து இயூறோ. ஆளுக்கொண்டு.”

நடைமுறைக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை. நான் உடனே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: “எதை நான் வைச்சிருக்கிறது? சிஞ்ஞோரா தந்ததையோ, கடைக்காரன் தந்ததையோ? ஸ்ரெல்லாவுக்குப் புதுசைக் குடுத்தால் அது களவு. எனக்குப் புதுசை வைச்சால் அது வெறும் படம்.”

சிரிக்காதே என்று யாரும் சொல்லாமலே நான் சிரிக்கவில்லை.

8

சனிக்கிழமை காலை ஏழரை. கீழே மீன்கடைக்காரன் ஐஸ் கொட்டும் சத்தம். அழைப்புமணி அடித்தது. றோசமலர் திறந்தாள்.

குகனேஸ்வரி அக்கா நல்ல சேலை கட்டி, மேலே கோட்டு போட்டு நின்றார். கையில் படுக்கை விரிப்பில் சுற்றிய படம். உள்ளே வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து விரிப்பைப் பிரித்தார். மூன்று முகமும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. மூன்று பொட்டும் அப்படியே இருந்தன. ஒன்று மட்டும், பக்கவாட்டு முகத்தில் இருந்தது, விரிப்பில் பட்டுக் கொஞ்சம் கலைந்திருந்தது.

“தம்பி, ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாத்தன்” என்றார். “சாமியெண்டால் திருப்பிக் குடுக்கேலாது. அது எனக்குத் தந்தது. பகேரியா இல்லாட்டி வேறை வேலை தேடுவன், கிடைக்காட்டிப் பாப்பம். ராசாவெண்டால் அது அந்தப் பிள்ளையின்ரை வீட்டுப் படம். குடுத்துப்போட்டு, சிஞ்ஞோரா பகிடி விட்டவ எண்டு மனதை ஆத்திக்கொண்டு வேலைக்குப் போவன். ரண்டிலை ஒண்டு.”

“ஓம் அக்கா.”

“பொட்டோடை கொண்டுபோய் அவவின்ரை கையிலை குடுக்க மாட்டன். துடைக்கவும் என்ரை கை வருகுதில்லை. மூண்டு தரம் துணியை எடுத்தனான்.” கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைத் துணியை எடுத்து மேசையில் வைத்தார். அது ஈரமாக இருந்தது. வீட்டிலேயே நனைத்துக்கொண்டு வந்திருக்கிறார். “ராசா எண்டு சொன்னது நீங்கள். நீங்களே துடையுங்கோ. துடைச்சால் கொண்டுபோறன். துடைக்காட்டி, திரும்பிக் கொண்டுபோய் வைச்சு விளக்கேத்துறன். நான் ஒண்டும் கேக்கமாட்டன்.”

“அக்கா, நான் எப்பிடி…”

“எட்டேகாலுக்கு ரயில். நான் வெளிக்கிட இன்னும் பத்து நிமிசம் இருக்கு” என்றார். றோசமலர் அவரைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, கலியாணமாகிப் பத்தொன்பது வருசத்தில் நான் காணாத ஒன்று. கோபம் இல்லை. பரிதாபமும் இல்லை. பார்ப்போம் என்ற பார்வை.

இப்போது மேசையில் நான் இருக்கிறேன். படம் இருக்கிறது. துணி இருக்கிறது.

எனக்குத் தெரிந்தவை எல்லாம் உங்களுக்கும் தெரியும். ஒன்றையும் கையில் ஒளித்து வைத்திருக்கவில்லை. அது அரசன் என்று தெரியும். அந்த அரசனையும் ஒரு கூட்டம் கும்பிட்டது என்று தெரியும். சிஞ்ஞோரா சிரித்தார் என்று தெரியும், பிறகு கைகூப்பினார் என்றும் தெரியும். ஸ்ரெல்லா சின்னப்பிள்ளையாக இதற்கு முன்னால் நின்றார் என்று தெரியும். சித்திரையில் அட்டை முடிகிறது என்று தெரியும். ஒரு குழாய்க்காரர் என்ன செய்தார் என்று மட்டும் தெரியாது.

துணியை எடுத்தேன். நடு முகத்துக்கு நேரே கொண்டுபோய்

இல்லை. நான் ஒருமுறை வாய்திறந்து இந்தப் பெண்ணின் நாலு வருசத்தைக் கலைத்தவன். இரண்டாவது தடவையும் என் கைதான் என்றால் அது நியாயமில்லை. அளவு மூன்று பக்கத்தாலும் எடுத்து அனுப்பியாயிற்று. நீங்களும் இதுவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். விளக்கீட்டன்று நான் ‘ராசா’ என்றபோது உங்களில் பாதிப்பேர் சிரித்தீர்கள்.

இந்தாருங்கள் துணி. குங்குமம் இலேசில் போகாது, கொஞ்சம் அழுத்த வேண்டிவரும்.

பல்கனியில் கோப்பிக் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம். அக்கா திரும்பிப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்.

“என்ன, துடைச்சாச்சோ?”

பதில் சொல்லுங்கள். அவருக்கு ரயிலுக்கு நேரமாகிறது.